குகையில் விட்ட தங்கை

"சாமி, போன வாரம் என் தங்கச்சிய ஒரு குகையில விட்டுட்டு ஓடிட்டேன். அவ செத்துட்டா."

தேவாலயத்தின் பாவசங்கீர்த்தனக் கூண்டில், வலைக்கு அந்தப் பக்கம் பங்குச் சாமியாருக்குப் புரையேறியது.

"எந்தக் குகைம்மா?"

"விளையாட்டுல, சாமி."

ஞாயிறு பூசை முடிந்ததும் நாங்கள் நான்கு பேர் என் தையல் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, இருபது முகப் பகடையை உருட்டி ஒரு சாகசக் கதையை விளையாடுவோம். கதையில் நான் திருடி, தங்கை வைத்தியச்சி. போன வாரம் குகையில் டிராகன் வழிமறித்தது. பதினைந்துக்கு மேல் விழுந்தால் நான் தப்பலாம். தப்பினால் நெருப்பு அவள்மேல் பாயும்.

"விளையாட்டுல ஓடினது பாவமில்லம்மா."

"விழுந்தது மூணு, சாமி. பதினேழுன்னு சொல்லிட்டு பகடைய வெடுக்குன்னு எடுத்துட்டேன்."

சாமியார் பெருமூச்சு விட்டார். "அப்ப அது பொய். போய் தங்கச்சிகிட்டயே சொல்லு. அதான் உனக்குப் பரிகாரம்."

"அதுக்குப் பதிலா நூறு அருள்நிறை மரியே ஜெபம் சொல்லிடறேனே?"

"இங்க வந்து பேரம் பேசறியா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் போனேன். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்த வைத்தியச்சிப் பாத்திரம் அவளுடையது. ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்க்கா. பகடை என் பக்கம்தானே வந்து நின்னுச்சு."

"அப்புறம் ஏன்டி வாயத் திறக்கல?"

"சொல்லியிருந்தா எல்லார் முன்னாடியும் நீ தலைகுனிஞ்சு உக்காந்திருப்ப. அதான் செத்துட்டேன்."