அறிவிப்பாளர் வாய் திறக்கும் இடம்

1

இந்தக் கதை பல் டாக்டரின் நாற்காலியில் பிறந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? என் கீழ்வரிசை முன்பல் ஒன்றில் ஈறு இறங்கி வேர் தெரிய ஆரம்பித்திருந்தது. மேலண்ணத்திலிருந்து கொஞ்சம் சதையை அரிந்தெடுத்து, அந்தப் பல்லடியில் ஒட்டித் தையல் போட்டார்கள். மரத்துப்போன வாயைப் பிளந்துகொண்டு கிடந்தபோது, ஜன்னலுக்கு வெளியே ரயில் நிலைய ஒலிபெருக்கியில் ஓர் ஆண் குரல் வண்டி தாமதம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அலட்டிக்கொள்ளாத, நிதானமான குரல். இவர் வாயையும் இப்படித் தைத்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தேன்.

எனக்கு வலித்தால் இன்னொருவருக்கும் வலிக்க வேண்டும் என்று தோன்றுகிறது பாருங்கள். எழுதுகிறவர்கள் புத்தியே இப்படித்தான்.

(டாக்டர் சொன்னதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு தேவைப்படும். சாப்பாடு ஆறியிருக்க வேண்டும், மெத்தென்று இருக்க வேண்டும். ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக் கூடாது. துப்பவே கூடாது, கொப்பளித்த தண்ணீரைத் தானாக வழியவிட வேண்டும். மேலண்ணத்தில் வெள்ளையாகப் படியும்; அது சீழ் இல்லை, புண் ஆறுகிற அடையாளம், சுரண்டக் கூடாது. ஒட்டிய இடத்தில் பிரஷ் படக் கூடாது, உதட்டை இழுத்துப் பார்க்கக் கூடாது. நேற்று எழுதிய வரியை இன்று பத்து தடவை எடுத்துப் பார்க்கிற எனக்கு, இந்தக் கடைசி விதிதான் தண்டனை.)

2

முதல் தொடக்கம்: “அறிவிப்பாளர் கண்ணாடி முன்னால் நின்று உதட்டை இழுத்து” — வேண்டாம். எடுத்த எடுப்பிலேயே மனிதரைத் தப்புச் செய்ய வைக்கிறேன்.

இரண்டாவது: “குரலால் சம்பாதிக்கிறவருக்கு வாய் என்பது ஒரு” — இது கட்டுரை. அடித்துவிட்டேன்.

மூன்றாவது: “அவர் வீட்டில் இருந்தார். அவர் குரல் வேலைக்குப் போயிருந்தது.”

இது நிற்கும். அறிவிப்பாளருக்கும் என்னைப் போலவே ஈறு சிகிச்சை, விடுப்பில் இருக்கிறார். நிலையத்தில் அவருடைய பழைய பதிவுகளை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறார்கள். வீடு இரண்டு தெரு தள்ளி. காற்று இந்தப் பக்கம் அடித்தால் குரல் சமையலறை வரைக்கும் வரும். அவர் கன்னத்தில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு வாய் மூடி சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டே வெளியிலிருந்து வரும் அவரைக் கேட்கிறாள்.

3

மனிதர் பாவம், ஒரு வார்த்தையாவது பேசட்டுமே என்று, “கொஞ்சம் தண்ணி குடு” என்று மனைவியிடம் கேட்க வைத்தேன். மேற்கோள் குறியை மூடுவதற்குள் என் நாக்கில் உப்புக் கரித்தது. ரத்தம்.

என்னைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த தம்பி ஓடிவந்தான்.

“அக்கா, என்ன பண்ணின? எதையாவது கடிச்சியா?”

இல்லையென்று தலையாட்டினேன்.

“உதட்டை இழுத்துப் பாத்தியா? பொய் சொல்லாத.”

அதற்கும் இல்லையென்றுதான் தலையாட்டினேன். ஈரத் துணியை மடித்து அழுத்திக்கொண்டதும் நின்றது. மறுநாள் அறிவிப்பாளரை “சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்க வைத்தேன். மறுபடியும் ரத்தம்.

எழுதும்போதுதான் ரத்தம் வருகிறது என்று தம்பி சொன்னதும், டாக்டர் விளக்கை இழுத்து வைத்து உள்ளே பார்த்தார். “எழுதறப்ப வாய் அசையுமா மேடம்?”

எனக்குப் பதில் தம்பி சொன்னான். “அசையுமாவா? பக்கத்து ரூம்ல நாலு பேர் சொத்துத் தகராறு பண்ற மாதிரி இருக்கும் டாக்டர்.”

உண்மைதான். யார் பேசினாலும் அவர்களுக்காக நான் வாயசைத்துப் பார்ப்பேன். அப்போதுதான் எழுத வரும்.

“அப்ப அதான் காரணம். உதடு இழுக்க இழுக்க ஒட்டினது நகருது. ஓரத்துல வெளுக்க ஆரம்பிச்சிடுச்சு. இது போச்சுன்னா, திரும்ப எடுக்க மேலண்ணத்துல சதை பத்தாது. பல்லு நிக்கிறது கஷ்டம். கொஞ்ச நாளைக்கு உங்க கதையில யாரையும் பேச விடாதீங்க.”

நிம்மதியாக இருந்தது. காரணம் என்று ஒன்று கிடைத்துவிட்டால் பாதி வலி போய்விடுகிறது.

(டாக்டரிடம் சொல்லாதது: மனைவி பேசும்போது ரத்தம் வருவதில்லை. அவளுக்கும் நான்தான் வாயசைக்கிறேன்.)

4

அறிவிப்பாளரை ஊமையாக்கினேன். அவர் ஆறிய சூப்பைக் குடித்தார், தூங்கினார், ஜன்னலைப் பார்த்தார். பக்கத்துக்குப் பக்கம் கதை செத்துக்கொண்டிருந்தது. என் ஈறு ரோஜா நிறத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. டாக்டர் பாராட்டினார்.

மனைவிதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒரு மத்தியானம் வேலையைப் போட்டுவிட்டு நிலையத்துக்குக் கிளம்பினாள். கணவர் குரலைப் பக்கத்திலிருந்து கேட்க வேண்டுமாம். நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒலிபெருக்கி கரகரத்தது.

“பயணிகளின் கவனத்திற்கு. மூன்றாவது நடைமேடையில் வரவேண்டிய வண்டி தாமதமாக வரும்.” சின்ன இடைவெளி. அதே நிதானமான குரல்: “வீட்டுக்குப் போகாதே. அங்கே உட்கார்ந்திருப்பது நான் இல்லை.”

வேறு யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

(இந்த வரியை நான் யோசித்து எழுதவில்லை என்றால் நம்ப மாட்டீர்கள். பதிவுக் குரல் என்பதாலோ என்னவோ, ரத்தம் வரவில்லை. வந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.)

அவள் வீட்டுக்குத்தான் போனாள். வேறு எங்கே போவாள்? கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். சோபாவில் அவர். கன்னத்தில் ஐஸ் பை.

“நீங்கதானா?”

அவர் தலையசைத்தார்.

“தலைய யார் வேணா ஆட்டலாம். ஒரே ஒரு வார்த்தை. உங்க குரல்ல ‘நான்தான்’னு சொல்லுங்க. நான் உள்ள வந்துடறேன்.”

இங்கே நிறுத்திவிட்டேன். அவள் கை இன்னும் தாழ்ப்பாளில் இருக்கிறது. தன் வீட்டுக்குள் கால் வைக்கலாமா என்று ஒருத்தி கேட்கிறாள். என் பல்லுக்காக நான் அவளை நிற்க வைத்திருக்கிறேன்.

5

தம்பி நான் எழுதியதைப் படித்தான்.

“ஏன்க்கா, அந்தம்மாவ இப்படி வாசல்லயே நிக்க வச்சிருக்க? கால் வலிக்காதா அவங்களுக்கு? நீ பேச வேணாம். நான் பேசறேன்.”

உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்த கரண்டியை மைக் மாதிரி பிடித்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “நான்தான்” என்றான்.

தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே கட்டைக் குரல். இது அவன் குரல் இல்லை. அலட்டிக்கொள்ளாத, நிதானமான குரல்.

சிரிக்கப்போனவன் சிரிக்கவில்லை. நாக்கால் பல்லைத் துழாவினான். கரண்டியின் விளிம்பில் சிவப்பாக ஒரு பொட்டு.

“பிரஷ் முரடா இருந்திருக்கும்க்கா,” என்றான்.

அவன் பிரஷும் என் பிரஷும் ஒன்றுபோலத்தான். குழந்தைகள் பயன்படுத்துகிற அளவுக்கு மென்மையானவை. அதற்குப் பிறகு, நான் எழுதும் அறைப்பக்கம் அவன் வருவதில்லை. சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுத் தட்டுகிறான்.

6

முடிவுகள்.

ஒன்று: அவர் “நான்தான்” என்கிறார். அவரேதான். அவள் செருப்பை உதறிவிட்டு ஓடிவந்து அழுகிறாள். எனக்கு ஒரு பல் போகிறது. போகட்டும், ஒரு பல்தானே.

இரண்டு: அவர் வாயைத் திறக்கிறார். உள்ளே தையல் மேலிருந்து கீழ் வரைக்கும்

இதை முடிக்க மாட்டேன்.

மூன்று: அவள் திரும்பி நிலையத்துக்கே போய், எந்த வண்டியிலாவது ஏறிக்கொள்கிறாள். ஆனால் எந்த வண்டி எந்த நடைமேடை என்று அவளுக்கு யார் சொல்வது? அந்தக் குரல்தானே.

7

தையல் பிரிக்கப் போயிருந்தேன். “அருமையா ஒட்டிக்கிச்சு. இனிமே தாராளமா பேசலாம்,” என்றார் டாக்டர். ஜன்னலுக்கு வெளியே ஒலிபெருக்கி ஏதோ வண்டியைச் சொல்லிக்கொண்டிருந்தது. நல்ல குரல் இல்லையா என்று ஜாடையில் கேட்டேன்.

“அவரா? அவர் லீவுல இருக்காரு. வாயில ஏதோ ஆபரேஷனாம். இப்ப ஓடறது பழைய ரெக்கார்டிங்தான்.”

எப்போதிலிருந்து என்று கேட்க வாயெடுத்தவள் எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நிலையத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கேயோ ஒரு பெண் செருப்போடு நிற்கிறாள். பேசலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், பல்லும் ஆடவில்லை. ஆனாலும் என்னால் முடியவில்லை. என் வாய் வழியாக வரப்போவது யார் என்று எனக்குத் தெரியாது.

ஆகவே உங்களிடம் விடுகிறேன்.

“நீங்கதானா?”

“                    ”

நடுவில் வரவேண்டிய வார்த்தை உங்களுக்குத் தெரியும். மனசுக்குள் சொன்னால் அவளுக்குக் கேட்காது. தம்பி சொன்ன மாதிரி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் அவள் உள்ளே போவாள். உள்ளே யார் என்பது அப்போதுதான் தெரியும். சொல்லாவிட்டால் நின்றுகொண்டே இருப்பாள்.

இவ்வளவு தூரம் படித்ததில் உங்கள் நாக்கு ஒரு தடவையாவது மேலண்ணத்தைத் தடவிப் பார்த்திருக்கும். உதடும் லேசாக அசைந்திருக்கும். உப்புக் கரித்தால் பயப்படாதீர்கள். ஈரத் துணியை மடித்து அழுத்திக்கொண்டு நிமிர்ந்து உட்காருங்கள். துப்ப மட்டும் வேண்டாம்.