மனசில் உள்ள விண்ணப்பம்

1

“நீ எழுதிடு.”

“நீங்களே சொல்லிடுங்க சித்தி.”

“சொல்ற வாய் இருந்தா உன்கிட்ட ஏன் வர்றேன்? அண்ணி உன் கதையை ஒரு வரி விடாம படிக்கிறாங்க. படிச்சா புரிஞ்சுக்குவாங்க.”

“கதை என்ன தபாலா சித்தி?”

“உன் நாவல்ல வர்றவளுங்க எல்லாம் ஏழாவது அத்தியாயத்துலயே தனிக்குடித்தனம் போயிடறாளுங்க. எனக்கு இருபத்திநாலு வருஷம் ஆச்சு. ஒரே ஒரு கதை எழுத உனக்கு வலிக்குதாக்கும்!”

இந்தக் கதை பிறந்தது இப்படித்தான். அகத்தூண்டுதல், கனவு, மழை நாள் எதுவும் இல்லை. மிரட்டல்தான்.

சித்தி என் அம்மாவின் தங்கை. ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். சித்தப்பா மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். ‘அண்ணி’ என்பது சித்தப்பாவின் அக்கா, ஓய்வுபெற்ற ஆசிரியை. எனக்கு டீச்சரத்தை. கல்யாணமான புதிதில் “ஒரு ஆறு மாசம் இருப்போம்” என்று சித்தியும் சித்தப்பாவும் டீச்சரத்தை வீட்டுக்குப் போனார்கள். அந்த ஆறு மாசம் இன்னும் முடியவில்லை. மகன் வளர்ந்து வேலைக்கு வெளியூர் போய்விட்டான். சித்திக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: தானும் கணவரும் மட்டும் இருக்கும் ஒரு வீடு. அதை என்னைத் தவிர யாரிடமும் அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. கணவரிடம்கூட.

2

போன மாதம் சபையிலிருந்து முப்பத்தெட்டு பேர் வேதாகமத் தலங்களைப் பார்க்கப் போனார்கள். மூவரும் போனார்கள். அங்கே வைத்து எப்படியும் கேட்டுவிடுவது என்று சித்தி முடிவு செய்திருந்தார். ஆகவே கதை அங்கே தொடங்க வேண்டும்.

தொடக்கம் ஒன்று: “விமானத்தின் சக்கரங்கள் புனித மண்ணைத் தொட்டபோது அவள் கண்கள் பனித்து…”

அடித்துவிட்டேன். சித்தி அப்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, வாந்தி வராமலிருக்க எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தார்.

தொடக்கம் இரண்டு: “ஒரே நிறத் தொப்பி அணிந்த முப்பத்தெட்டு பேர் பேருந்திலிருந்து இறங்கி, முதலில் கழிப்பறை எங்கே என்று…”

உண்மை. ஆனால் இதில் சித்தி எங்கே?

தொடக்கம் மூன்று: “ஓட்டல் அறையில் மூன்று கட்டில்கள் இருந்தன.”

இது இருக்கட்டும். எல்லாத் தம்பதிகளுக்கும் இருவர் அறை. இவர்களுக்கு மட்டும் பத்து நாளும் மூவர் அறை. பதிவுப் படிவத்தில் ‘ஒரே குடும்பம்’ என்று பெருமையாக எழுதிக் கொடுத்தவர் சித்தப்பா. ஏசி காற்று நேராகப் படாது என்பதால் நடுக்கட்டில் டீச்சரத்தைக்கு.

“அதுல என்ன இருக்கு? தூங்கத்தானே போறோம்” என்றாராம் சித்தப்பா.

(இந்த மனிதரைக் கதாநாயகனாக வைத்து நான் என்ன குடும்ப நாவல் எழுதுவது?)

3

நான் அந்தப் பயணத்துக்குப் போகவில்லை. சித்தி சொன்னதுதான் மூலம். இடைவெளிகளை நான் நிரப்புகிறேன். நிரப்பியும் பயனில்லை. பாருங்கள்.

ஆண்டவர் சொல்லிப் புயல் அடங்கிய அந்த ஏரியின் நடுவில் படகை நிறுத்தினேன். இன்ஜினை அணைத்தேன். டீச்சரத்தையைப் படகின் மறுமுனைக்கு அனுப்பினேன். பாடிக்கொண்டிருந்தவர்களைக்கூடச் சும்மா இருக்கச் செய்தேன். பக்கத்தில் கணவர் மட்டும். ஒரு எழுத்தாளர் இதற்குமேல் என்ன செய்ய முடியும்? சித்தி வாயைத் திறந்தார்.

“தொப்பியைப் போடுங்க. வெயில் மண்டையைப் பிளக்குது.”

சரி, ஞானஸ்நான நதி. சபையார் வெள்ளை அங்கியில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார்கள். கரையிலிருந்து போட்டோ எடுக்கும் சித்தப்பா தொழில் பழக்கத்தில், “மூச்சை இழுத்துப் பிடிங்க… அப்படியே… ஆடாதீங்க” என்கிறார்.

“இருபத்திநாலு வருஷமா பிடிச்சுட்டுத்தான் நிக்கிறேன். விடலாம்னு இந்த மனுஷன் சொல்லவே மாட்டேங்கறாரே!”

அருமையான வசனம், இல்லையா? அதை சித்தி என் வீட்டுச் சமையலறையில், என்னிடம் சொன்னார். நதிக்கரையில் அவரிடம் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நானும் ஊறவைத்த துணியைத் துவைக்கப் போயிருப்பேன்.

4

இனி டீச்சரத்தை. இவரை வில்லியாக்கிவிட்டால் என் வேலை சுலபம். சரக்கும் இருக்கிறது. சித்தி எழுதும் மளிகைப் பட்டியலைச் சிவப்புப் பேனாவால் திருத்துவார். ‘பருப்பு’க்குப் ‘ப்’ விட்டால் வட்டம் போடுவார். யார் குளியலறையில் எவ்வளவு நேரம் என்பது அவருக்குத் தெரியும். மூடிய கதவைத் தட்டி, “தூங்கிட்டீங்களா?” என்று கேட்பார்.

இத்தனையும் எழுதிய பிறகு ஒரு வெள்ளிக்கிழமை குறுக்கே வந்து நின்றது.

வெள்ளி தோறும் அவர்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். ஒவ்வொருவரும் விண்ணப்பத்தைச் சொல்வார்கள்: மகளுக்கு வரன், முழங்கால் வலி, வேலை. சித்தியின் முறை வரும்போது, “மனசுல ஒரு விண்ணப்பம் இருக்கு” என்று நிறுத்திக்கொள்வார். அப்படிச் சொன்னால் யாரும் தோண்டக் கூடாது. அது அங்கே மரியாதை. டீச்சரத்தையும் ஒருநாள்கூடத் தோண்டியதில்லை. பதிலாக, தம்பி மனைவியின் அந்த விண்ணப்பத்துக்காக ஒவ்வொரு வெள்ளியும் பகல் முழுக்க உபவாசம் இருக்கிறார். கல்யாணமான வருஷத்திலிருந்து.

என்ன விண்ணப்பம் என்று தெரியாமலே.

சொல்லுங்கள், இவரை வைத்துக்கொண்டு நான் எப்படி வில்லத்தனம் எழுதுவது? எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

5

ஆண்டவர் தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கல்யாண ஊர். அங்கே போகும் தம்பதிகள் திருமண உடன்படிக்கையைப் புதுப்பிக்கிறார்கள், சான்றிதழ்கூடத் தருகிறார்கள். இதைவிட வசதியான இடத்தை எந்தப் பயண ஏஜென்சியும் ஒரு கதாசிரியைக்குப் போட்டுத் தராது. திராட்சரசம் தீர்ந்துபோனதை ஆண்டவரின் தாய் வாய்திறந்து சொன்னதால்தான் அந்தக் கல்யாண வீட்டின் மானம் தப்பியது என்று பாஸ்டர் பிரசங்கம் வேறு செய்தாராம். அடுத்து ஜோடி ஜோடியாக முன்னால் வரச் சொன்னார். சித்தி எழுந்தார். இப்போது கேட்டுவிடுவதுதான்.

டீச்சரத்தை ஓடிவந்து, சித்தியின் முந்தானைக்கு ஊசி குத்திவிட்டு, காதில் சொன்னார்: “உனக்காக நான் இன்னைக்கும் சாப்பிடல. இங்க கேட்டா கிடைக்கும்மா. தைரியமா கேளு.”

சித்தி குலுங்கிக் குலுங்கி அழுதார். பாஸ்டர் அதை ஆனந்தக் கண்ணீர் என்றார். சபையார் கைதட்டினார்கள். சித்தப்பா கைக்குட்டை தேடினார். கேட்காமலே ஊர் திரும்பினார்கள்.

நான் முயன்ற முடிவுகள்:

அங்கேயே கேட்டுவிடுகிறார், கணவர் கண்கலங்கித் தலையசைக்கிறார். (என் பதிப்பாளருக்குப் பிடிக்கும். சித்தப்பாவைத் தெரிந்த யாரும் நம்ப மாட்டார்கள்.)

டீச்சரத்தை பயணத்திலேயே நிம்மதியாகக் கண்மூடுகிறார். (இதை எழுதினால் சித்தி என் கழுத்தை நெரிப்பார்.)

இதுவும் அன்புதானே என்று சித்தி மனம் தேறி, நடுக்கட்டிலைப் புன்னகையோடு… (இதை எழுதுகிற கையை ஒடிக்க வேண்டும்.)

6

நேற்று இந்த ஐந்து பகுதிகளையும் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் சித்தி படித்தார்.

“என்னடி, என்னை இவ்வளவு கோழையா எழுதி வச்சிருக்க?”

“உள்ளதைத்தான் எழுதினேன்.”

“எக்ஸ்ரேன்னு போட்டிருக்க. எல்லாருக்கும் தெரிஞ்சுடும்.”

“பல் டாக்டர்னு மாத்தட்டுமா? ‘வாயைத் திறங்க’ன்னு அவராவது சொல்லுவார்.”

அதற்குள் டீச்சரத்தை தட்டில் டீ கொண்டுவந்தார். “புதுக் கதையா? கொடு, பிழை பார்க்கிறேன்.”

சித்தி சட்டென்று தாள்களை நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். ஐம்பது வயதில்.

“முடிவு இன்னும் எழுதல அத்தை” என்றேன்.

தட்டில் மூன்று கோப்பைகள் இருந்தன. எனக்கு ஒன்று, சித்திக்கு ஒன்று, ஜன்னலோரம் பெட்டிச் சக்கரத்தைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பாவுக்கு ஒன்று.

“உங்களுக்கு?” என்றேன்.

“வெள்ளிக்கிழமையில்ல.”

சித்தி தன் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார். “குடிங்க அண்ணி. எனக்காக இனிமே பட்டினி கிடக்காதீங்க.”

“ஏன், விண்ணப்பம் கிடைச்சாச்சா?”

“நான் இன்னும் கேக்கவே இல்ல.”

“பின்னே இத்தனை வருஷம் ஆண்டவர்கிட்ட என்ன பண்ணிட்டிருந்த?”

“அவர்கிட்ட கேட்டேன். உங்ககிட்டயும் இவர்கிட்டயும்தான் கேக்கல.”

சித்தப்பா திருப்புளியைக் கீழே வைத்தார். டீச்சரத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பாடம் ஒப்பிக்கத் திணறும் பிள்ளைக்குக் காத்திருப்பதுபோல் காத்திருந்தார்.

நான் பேனாவை மூடிவிட்டேன். சித்தி கேட்டதற்கு யார் என்ன பதில் சொன்னார்கள் என்று நான் எழுதப்போவதில்லை. எனக்குத் தெரியும், அந்த மேசையில்தான் இருந்தேன். ஆனால் தபால்காரி வேலை இத்தோடு போதும். உங்கள் வீட்டிலும் ஒரு டீச்சரத்தையும் ஒரு சித்தப்பாவும் இருப்பார்கள். பதிலை அவர்கள் வாயிலிருந்தே கேட்டுக்கொள்ளுங்கள். சித்தி தாள்களின்மேல் உட்கார்ந்தபடியே, நிமிர்ந்து, ஜெபக்கூட்டத்தில் ஒருநாளும் கேட்காத குரலில் சொன்னார்:

“அண்ணி, நானும் அவரும் தனியா ஒரு வீடு பார்த்துட்டுப் போகணும். உங்க மேல கோபம் ஒண்ணும் இல்ல. எனக்கு வேணும்.”