ஏற்றத்தில் வரும் விசில்

லாரிக்காரர்கள் அந்த மெக்கானிக்குக்கு வைத்திருந்த பெயர் பாம்புக்காது. வண்டி பட்டறை வாசலில் திரும்பும்போதே, உள்ளே குனிந்து வேலை பார்த்தபடி, "வால்வு சத்தம் போடுது, ஓரமா நிறுத்து" என்பார். சொன்னது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தப்பிய நாட்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் அப்படித்தான்.

அன்று வந்தவன் மனைவியின் தம்பி. டர்போ வைத்த டீசல் லாரி ஓட்டுகிறவன். பின்னால் சிமெண்ட் மூட்டைகள்.

"மாமா, ஏத்தத்துல மிதிச்சா ஈஈன்னு ஒரு விசில் வருது. கூடவே கரும்புகை. வண்டி இழுக்கவே மாட்டேங்குது."

மெக்கானிக் எஞ்சினை ஓடவிட்டு, நீளக் கம்பியின் ஒரு முனையை அதன்மேல் ஊன்றி மறுமுனையில் காதை வைத்தார். சீரான துடிப்பு.

"ஒண்ணுமில்லையே மாப்ளே. பசு மாதிரி நிக்குது."

"நின்னா வராது மாமா. மூச்சு முட்டினாத்தான் வரும்."

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ போய்விட்டதோ என்று சந்தேகம். எஞ்சினை அணைத்து, காற்றுக் குழாயைக் கழற்றி, உள்ளே இருந்த சிறு சக்கரத்தை விரலால் அசைத்தார். ஆட்டமில்லை. சுற்றிவிட்டால் எங்கும் உரசாமல் சுற்றியது. எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை. டர்போ கல்லுக்குண்டாக இருந்தது. அப்படியானால் ஏற்றத்தில் ஓட்டித்தான் கேட்க வேண்டும்.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி, தம்பியைப் பார்த்த சந்தோஷத்தில், "நானும் வர்றேன்டா" என்று நடுவில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

ஊருக்கு வெளியே சாலை மேலேறும் இடத்தில் மச்சினன் கியரைக் குறைத்து அழுத்தினான். வண்டி முக்கியது. சட்டென்று மனைவி காதைப் பொத்திக்கொண்டாள். அதே நொடியில் மச்சினன் திரும்பி, "கேட்டீங்களா மாமா!" என்றான்.

அவருக்குக் கேட்டதெல்லாம் எஞ்சினின் கனத்த உறுமல் மட்டும்தான். அக்காளும் தம்பியும் சேர்ந்து விளையாடுகிறார்களோ என்று நினைத்தார்.

"எதைடா?"

"என்ன மாமா, காதைக் கிழிக்குது, நீங்க..."

அவள் தம்பியின் முழங்காலில் ஓர் இடி இடித்தாள். யாரும் பார்க்காதபடிதான் செய்தாள், அவர் பார்த்துவிட்டார்.

"பக்கத்துல லாரி போச்சுல்ல, அதுல அவருக்குச் சரியா விழலை" என்றாள் அவள். "நீ வண்டியைத் திருப்பு."

பக்கத்தில் எந்த லாரியும் போகவில்லை.

பட்டறைக்கு வந்ததும் மச்சினன் சாப்பிட உள்ளே போனான். அவர் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்தார். ஒரு துணியால் கையைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டே இருந்தார். மனைவி எதிரே வந்து நின்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"ம்."

"எப்பலேர்ந்து?"

"குக்கர் விசில் மேல விசிலா அடிக்கும். நீங்க பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிப்பீங்க. முதல்ல கொழுப்புன்னுதான் நினைச்சேன்." அவள் குரல் இறங்கியது. "அப்புறம் ஒருநாள் போன் அடிச்சு அடிச்சு ஓஞ்சது. கையிலயே வெச்சிருந்தீங்க."

"ஏன் சொல்லலை?"

"காதாலதான் நம்ம சோறுன்னு நீங்களே சொல்வீங்க. நான் எப்படி வாயைத் திறப்பேன்?"

இத்தனை நாளும் அவள் எதிரே வந்து நின்று உரக்கப் பேசியது, ஒரே விஷயத்தை அலுக்காமல் இருமுறை சொன்னது, எல்லாம் அவருக்கு இப்போதுதான் உறைத்தது. காது கேட்காத மெக்கானிக்கை நம்பி எவன் வண்டியை விடுவான்?

அவள் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டாள். "சரி, எங்க கேக்கணும்னு காட்டுங்க. என் காது ரெண்டும் சும்மாதானே இருக்கு."

அவர் சிரிக்க நினைக்கவில்லை, சிரிப்பு வந்துவிட்டது.

டர்போவின் வாயை ஒரு மூடியால் இறுக அடைத்து, அதன் வழியாகக் கம்ப்ரஸர் காற்றைக் கொஞ்சமாகச் செலுத்தினார். ஒரு ரப்பர்க் குழாயின் முனையை அவள் காதில் வைத்துக்கொண்டாள். மறுமுனையை அவர் வண்டியின் காற்றுக் குழாய்களை ஒட்டி மெதுவாக நகர்த்தினார்.

"இங்க?"

"இல்லை."

"இந்தக் கிளாம்ப்கிட்ட?"

"இல்லை. கொஞ்சம் கீழ. இன்னும் கீழ... நில்லுங்க! இங்கதான். பல்லிடுக்குல ஊதுற மாதிரி இருக்கு."

அவள் சொன்ன இடம், டர்போவிலிருந்து காற்றைக் குளிர்விக்கும் கூலருக்குப் போகும் தடித்த ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம். அவர் சோப்புத் தண்ணீரைத் தடவினார். நுரை குபுகுபுவென்று பொங்கியது. ஓர் இரும்புப் பட்டையில் உரசி உரசி, நகம் நுழையும் அளவுக்கு ஒரு கீறல்.

"பாத்தியா! சும்மா நிக்கும்போது வாயை மூடிக்குது. ஏத்தத்துல காத்து அழுத்தினதும் பிளந்துக்குது. காத்து வெளிய ஓடிடுது, டீசல் மட்டும் உள்ள போகுது. கரும்புகை வராம என்ன பண்ணும்?"

பட்டையை வளைத்துவிட்டு, புது ஹோஸ் மாட்டினார். மறுபடி மூன்று பேரும் ஏற்றத்துக்குப் போனார்கள். வண்டி மூட்டைகளை மறந்ததுபோல் ஏறியது. கண்ணாடியில் பின்னால் புகையே இல்லை. அவர் மனைவியைப் பார்த்தார்.

"இல்லை. சத்தமே இல்லை" என்றாள்.

மச்சினன் ஸ்டியரிங்கைத் தட்டினான். "மாமா காதுன்னா காதுதான்!"

"என் காது இல்லை மாப்ளே" என்றார். சொல்வதற்கு முன் இருந்த பயம், சொன்ன பிறகு பாதியாகிவிட்டது. "உங்க அக்கா காது. எனக்கு அந்த விசில் விழவே இல்லை."

மச்சினன் சாலையையே பார்த்து ஓட்டினான். அவள் கணவரின் எண்ணெய்க் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே காது டாக்டரிடம் போனார்கள். கீச்சுச் சத்தங்கள் கேட்பது மட்டும்தான் குறைந்திருக்கிறது, காதில் ஒரு மெஷின் வைத்தால் போதும், இனி இரைச்சலான வேலையில் காதுக்கு மூடி போட வேண்டும் என்றார் டாக்டர்.

மெஷின் வந்த அன்று மாலை, அவர் பட்டறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். பின்னால் அவள் ஏதோ முணுமுணுத்தாள். அவர் திரும்பினார்.

"யாரைடி எருமைமாடுன்னே?"

அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயோ, கேட்டுருச்சா?"

"தினமும் இப்படித்தான் சொல்லிட்டிருந்தியா?"

"தினமும் இல்லை" என்றாள் அவள். வெகுகாலத்துக்குப் பிறகு, கத்தாமல், தன் சொந்தக் குரலில். "சில நாள் நல்லதாவும் சொல்லிருக்கேன்."

"என்ன சொன்னே?"

"வீட்டுக்கு வாங்க, சொல்றேன்."