எதிரி உயிரோடு இருக்கட்டும்

துறைமுக நகரம் எரிந்துபோன செய்தி வந்தபோது கணக்கம்மா அழவில்லை. மலையைக் குடைந்து கட்டிய அந்த அலுவலகத்தில் தனியாகப் போய் அழுவதற்கு ஒரு மூலைகூடக் கிடையாது. நீள மேசை, சுவரை அடைத்த வரைபடம், ஓயாமல் இரைகிற காற்று இயந்திரம், ஆறிப்போன டீ. அவ்வளவுதான். அவள் மூக்கைச் சிந்திவிட்டு அடுத்த தகவலைப் பார்க்க உட்கார்ந்தாள். தன் ஒரே மகள் அந்த ஊரில்தான் வேலை பார்த்தாள் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

கணக்கம்மா என்பது அலுவலகத்தில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். எந்த இடத்தை அடித்தால் என்ன விளையும் என்று ராணுவத்துக்குச் சொல்வது அவள் உத்தியோகம். யார் என்ன திட்டத்தோடு வந்தாலும் "சரி, அப்புறம்?" என்பாள். அதற்கும் பதில் சொன்னால், "அதுக்கப்புறம்?" என்பாள். வந்தவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டு போவார்கள்.

பல வருஷமாக அவள் விடாப்பிடியாகக் காத்துவந்தது வரைபடத்தில் இருந்த ஒரு சிவப்பு வட்டத்தை. எதிரி நாட்டு அதிபர் போர்க்காலத்தில் போய் உட்காரும் சுரங்கம் அது. அதைத் தொடவே கூடாது என்பது அவள் எழுதிவைத்த விதி. "அதிபர் வீட்டு வாட்ச்மேன் வேலை எப்படிப் போகுது மேடம்?" என்று உடன் வேலை செய்பவர்கள் கிண்டலடிப்பார்கள். அவளும் சிரித்துவிட்டு, "ராத்திரி டியூட்டிதான் கொஞ்சம் கஷ்டம்" என்பாள்.

இப்போது சிரிக்க யாரும் இல்லை. எதிரிகள் அணுகுண்டு போட்டுத் துறைமுகத்தை அழித்தார்கள். பதிலுக்கு இவர்கள் அவர்களுடைய விமானத்தளத்தையும் அதை ஒட்டியிருந்த ஊரையும் அழித்தார்கள். அதன்பிறகு இரண்டு பக்கமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன.

மறுநாள் காலையில் தளபதி உள்ளே வந்து நேராக அந்தச் சிவப்பு வட்டத்தின்மேல் விரலை வைத்தார்.

"ஆளு உள்ளதான் இருக்கான். உறுதியாத் தெரிஞ்சுபோச்சு. ஒரே அடி. தலையை எடுத்துட்டா உடம்பு தானா விழுந்துடும்."

மேசையின் கோடியில் பிரதமர் உட்கார்ந்திருந்தார். கண்ணெல்லாம் சிவந்து, சட்டை கசங்கி, ஒரே நாளில் கிழடு தட்டிப்போயிருந்தார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று கணக்கம்மாவைக் கேட்டார்.

அவள் பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. "உங்க இஷ்டம் சார்" என்று ஒதுங்கிக்கொண்டால் போதும். தன் பிள்ளையைச் சாம்பலாக்கியவன் சுரங்கத்தோடு புதைந்துபோவான். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அதைக் கேட்டது, பசியைப் போல, வெட்கமே இல்லாமல். மேசை விளிம்பை அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சரி," என்றாள் கடைசியில். "அப்புறம்?"

தளபதிக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "அப்புறம் என்ன அப்புறம்? போர் முடிஞ்சுடும்!"

"யார் முடிப்பாங்க சார்? கடலுக்கடியில அவங்க நீர்மூழ்கிங்க நிக்குது. தலைநகரத்துலேர்ந்து குறிச்ச நேரத்துக்குள்ள சத்தமே வரலேன்னா கையில இருக்கிற எல்லாத்தையும் சுடுன்னுதான் அவங்களுக்கு உத்தரவு. நிறுத்துன்னு அந்த கேப்டன்கிட்ட நீங்க சொன்னா கேப்பானா? நான் சொன்னா கேப்பானா? அந்த ஆளு ஒருத்தன் சொன்னாத்தான் கேப்பான். அவனைக் கொன்னுட்டா நாம யார்கிட்ட பேசறது?"

"உங்களுக்குத் துறைமுகத்துல யாரும் இல்ல. அதான் உக்காந்த இடத்துல கணக்குப் பேசறீங்க" என்றார் தளபதி.

"என் பொண்ணு அங்கதான் இருந்தா."

தளபதி வரைபடத்திலிருந்து விரலை எடுத்தார். பிரதமர் இரண்டு கைகளாலும் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு மெல்ல, "லைன் போடுங்க" என்றார்.

இணைப்பு கிடைப்பதற்குள் எல்லாருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. எதிர்முனையில் அதிபரின் குரல் கேட்டதும் மொழிபெயர்ப்பாளருக்கு வியர்த்துக் கொட்டியது. முதலில் வந்ததெல்லாம் வசவு. விமானத்தளத்து ஊரில் பள்ளிக்கூடம் இருந்தது தெரியுமா என்று கத்தினார் அவர். பிரதமர் பதிலுக்கு வாயைத் திறந்தார். கணக்கம்மா வேண்டாம் என்று தலையாட்டினாள். அந்த ஆள் கத்தித் தீர்க்கும்வரை பிரதமர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எங்க பக்கமும் பள்ளிக்கூடம் இருந்துச்சு. இதோட நிறுத்திக்குவோம்" என்றார்.

எதிர்முனையில் அதிபர் யாருடனோ கலந்து பேசிவிட்டுத் திரும்பி வந்தார்.

"முதல்ல நாங்க பணிஞ்சோம்னு வெளியில வரக்கூடாதுன்னு கேக்கிறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"யாரும் பணியல. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அறிவிப்போம்னு சொல்லுங்க" என்றார் பிரதமர்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. அவர்களுடைய நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் கோபுரம் அந்த விமானத்தளத்தோடு சேர்ந்து போய்விட்டதாம். கடலுக்கு மேலே ஒரு விமானத்தை அனுப்பி அதிலிருந்துதான் உத்தரவு போட முடியுமாம். அதை இவர்கள் சுட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது.

"இது சூழ்ச்சி," என்றார் தளபதி. "அந்த விமானத்துல இன்னொரு குண்டு இருந்தா?"

எல்லாரும் கணக்கம்மாவைப் பார்த்தார்கள். "தெரியாது சார்," என்றாள். "இருக்கலாம். ஆனா அது பறக்கலேன்னா நீர்மூழ்கி கட்டாயம் சுடும். அது மட்டும் தெரியும்."

தளபதி கண்ணை மூடி நின்றார். அவருடைய ஆட்கள் எத்தனையோ பேர் துறைமுகத்தில் போயிருந்தார்கள். பிறகு ஒலிவாங்கியை எடுத்து, அந்த விமானத்தின்மேல் யாரும் கை வைக்கக்கூடாது என்று தன் வாயாலேயே உத்தரவு போட்டார்.

திரையில் ஒரு சின்னப் புள்ளி கடலுக்கு மேலே வட்டமடித்தது. அதைப் பார்த்தபடியே தளபதி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பொண்ணு என்னம்மா பண்ணிட்டிருந்தா?"

"கப்பல் கம்பெனில வேலை. அன்னிக்கிக் காலையில போன் பண்ணா. குக்கர்ல விசில் வரமாட்டேங்குதுன்னா. கேஸ்கெட்டைத் தண்ணியில போட்டு எடுடின்னேன். எனக்கு மீட்டிங் இருக்குன்னு வெச்சுட்டேன்."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு குலுங்கினாள். தளபதி திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருந்தார். அவரால் முடிந்த மரியாதை அதுதான். நீர்மூழ்கிகள் ஒவ்வொன்றாகப் பதில் சொன்ன செய்தி வந்தபோது அறையில் யாரும் கைதட்டவில்லை. ஒருவர் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அணுத் தூசி உள்ளே வராமலிருக்கத் தெருக்களில் ஜன்னல்களையெல்லாம் துணியால் அடைத்திருந்தார்கள். அவள் கணவர் பல் டாக்டர். கிளினிக்கைப் பூட்டிவிட்டுக் கூடத்தில் தொலைபேசியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"கிடைக்கவே மாட்டேங்குது. அவ ஆபீஸ் மூணாவது மாடிதானே? கீழே எங்கயாவது இறங்கியிருப்பா, இல்ல?"

அவள் போனை அவர் மடியிலிருந்து எடுத்து வைத்தாள். மகள் இனி இல்லை என்று சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவரிடம் எதையும் மறைத்து அவளுக்குப் பழக்கமில்லை. அந்த ஆளைக் கொல்ல வாய்ப்பு வந்ததையும், வேண்டாம் என்று தானே சொன்னதையும் சொல்லிவிட்டாள்.

அவர் அவளை யாரோ தெரியாதவளைப் போலப் பார்த்தார்.

"நீ சொன்னது சரிதான்," என்றார். "எனக்குப் புரியுது. ஆனா கொஞ்ச நாளைக்கு என்கிட்ட பேசாத."

அவர் சொன்னபடியே நடந்துகொண்டார். சண்டையில்லை, சாடைப் பேச்சில்லை. ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்களைப் போல இருந்தார்கள். துறைமுகச் சாலை திறந்ததும் இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள், தடுப்புக் கம்பி வரைக்கும். அதற்கு மேல் விடவில்லை. வழி நெடுக அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

மழைக்காலத்தில் ஒரு நாள், அந்த அதிபர் உடல்நலமில்லாமல் படுக்கையிலேயே இறந்துபோனார் என்று வானொலியில் சொன்னார்கள். வயது, படிப்பு, பிள்ளைகள், பேரக்குழந்தைகள் என்று நீட்டி முழக்கினார்கள். கணக்கம்மா கத்தியும் வெங்காயமுமாக அப்படியே நின்றுவிட்டாள். சந்தோஷம் வருமென்று எத்தனையோ நாள் நினைத்திருந்தாள். வரவில்லை.

கூடத்திலிருந்து கணவர் எழுந்து வந்து வானொலியை நிறுத்தினார். அவள் கையிலிருந்த கத்தியை வாங்கி, "தள்ளு, நான் நறுக்கறேன்" என்றார்.