எழுபத்தெட்டுக்கு அறுபது

1

இது கட்டுரையாகத்தான் இருந்திருக்க வேண்டும். 'சில நாடுகள் ஏன் இன்னும் மீட்டருக்கு மாறவில்லை' என்று தலைப்பிட்டு, என் மகளுக்கு மாமியாராக வரப்போகிறவர் படிப்பதற்காகத் தொடங்கினேன். படித்தால், எங்கள் குடும்பத்தின்மேல் தவறில்லை என்பது அவருக்கு விளங்கும். நடுவில் கட்டில் வந்து நின்றுகொண்டது.

முதல் தொடக்கம்: உலகில் எத்தனையோ மேதைகள் அங்குலத்தில் அளந்தே... (வேண்டாம். அந்த வரிசையில் என்னையும் சேர்த்துக்கொண்டதாகப் பேச்சு வரும்.)

இரண்டாம் தொடக்கம்: தச்சர் ஒரு முட்டாள். (வரியை அடித்துவிட்டேன். என் தம்பியின் நண்பர்.)

2

மணமக்களுக்குக் கட்டில் என் பொறுப்பு என்று சபையில் வீம்பாகச் சொன்னவன் நான். துண்டுச் சீட்டில் '78 × 60' என்று எழுதித் தச்சரிடம் கொடுத்தேன். அங்குலம் என்று எழுதவில்லை. எங்கள் வீட்டில் யாரும் எழுதியதில்லை. எழுதினால், படிப்பவருக்கு விவரம் போதாது என்று முகத்துக்கு நேரே சொல்வதாகும்.

தச்சரோ சென்டிமீட்டரில் வளர்ந்தவர். செய்து முடித்து, நேரே மாப்பிள்ளை வீட்டில் இறக்கிவிட்டார். நல்ல மரம். கண்ணாடி போல மெருகு. ஓர் ஆள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கலாம்.

சம்பந்தியம்மா தொலைபேசியில் அழைத்தார்.

"கட்டில் வந்துச்சுங்க. வேலைப்பாடு பிரமாதம். குழந்தைக் கட்டிலை இப்பவே அனுப்பியிருக்கீங்களே, எங்ககிட்ட ஏதாவது சொல்லணுமா?"

3

"ஏம்ப்பா, இதுல மனுஷன் படுக்க முடியுமா?"

"சின்ன மனுஷன் படுக்கலாங்க. சீட்டுல இருந்த அளவுதான்" என்றார் தச்சர்.

"கல்யாணக் கட்டில்னு சொன்னேனே!"

"சொன்னீங்க. நானும் கணக்குப் போட்டேன். பெரியவர் வீட்டு விஷயம், கிளறுவானேன்னு வாயை மூடிக்கிட்டேன்."

(மரியாதை தெரிந்தவர். அதுதான் கெடுத்தது.)

4

கட்டுரைக்குத் திரும்புகிறேன். மாறாத நாடுகளுக்குக் காரணங்கள் உண்டு. சாலைப் பலகை முதல் திருகாணி வரை மாற்றியாக வேண்டும். அந்தச் செலவை யார் ஏற்பது? பழகிய கை வேறு அளவுக்கு வளையாது. மாறிய நாடுகளும் யோக்கியமில்லை, தொலைக்காட்சியை அங்குலத்தில்தான் விலை பேசுகின்றன. ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம்—

இங்கே மகள் என் தோளுக்கு மேல் எட்டிப் படித்துவிட்டாள்.

"நாலு பக்கம் எதுக்குப்பா? 'அங்குலம்னு எழுதாம விட்டது என் தப்பு'ன்னு ஒரு வரி போதும். சாயங்காலத்துக்குள்ள விளக்கம் வரலைன்னா கல்யாணத்தைத் தள்ளி வைக்கிறதா அத்தை சொல்லிட்டாங்க."

"விட்டுப்போகலை. நாம எழுதறதில்லை."

"அந்த நாடுங்களும் இதையேதான் சொல்லும்."

முக்கியமான காரணத்தை முடிக்காமலே விட்டுவிட்டேன்.

5

முடிவு ஒன்று: சம்பந்தியம்மா கட்டுரையைப் படித்து வியந்து... (இரண்டாம் பக்கத்தைத் தாண்டமாட்டார்.)

முடிவு இரண்டு: தச்சர் பழியை ஏற்கிறார். (கேட்டேன். "பெரிய கட்டில் நாலு நாள்ல தர்றேங்க. பழி உங்களோடவே இருக்கட்டும்" என்றார்.)

மூன்றாவது இதுதான். என் சீட்டைத் தச்சர் திருப்பிக் கொடுத்திருக்கிறார். மகள் அதைச் சம்பந்தி வீட்டுக்கு எடுத்துப்போகச் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறாள். பேனாவைத் திறந்தே வைத்திருக்கிறாள்.

78 × 60 ..................

ஒரு சொல்லுக்கு இடம் இருக்கிறது. நான் எழுதினால் அது ஒப்புதல். இதைப் படிக்கும் நீங்கள் எழுதினால் வெறும் பிழைதிருத்தம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். எழுத்து கொஞ்சம் இடப்பக்கம் சாயட்டும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அப்படித்தான்.