செல்லாத வெயில்

கிரியாமா செத்த மறுநாள் காலையிலேயே ரயில் நிலைய வாசலில் பேனர் கட்டிவிட்டார்கள்: "41.9 டிகிரி! ஜப்பானிலேயே சூடான ஊர்!" வெட்கம் கெட்ட ஜனங்கள். ஆனால் அவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. அந்த எண் சுத்தமாக வரவேண்டும் என்று அலைந்தவனே நான்தான்.

வானிலை அலுவலகத்தில் வெப்பமானிகளைச் சோதிப்பது என் வேலை. போன வருஷம் நாங்கள் தொட்ட உச்சத்தை மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வெப்பமானியைச் சுற்றிப் புல் மண்டிக் காற்றை மறைத்ததில் அளவு ஏறிவிட்டதாம். படம் எடுத்துப் பத்திரிகையில் போட்டு மானத்தை வாங்கினார்கள். உலகம் சூடாகிறது என்பதே புளுகு என்கிற கூட்டத்துக்கும் அந்தப் படம் போதுமாக இருந்தது. அந்த எரிச்சலில்தான் சாவு நடந்த அன்று காலை, எங்களுக்குப் புல் வெட்டித்தரும் கிரியாமாவுக்குப் போன் போட்டேன்.

"இன்னைக்கு உச்சம் தொடும்போல இருக்கு. மதியத்துக்குள்ள வெட்டிடுங்க."

"சரிங்க," என்றார். வயது எழுபத்தொன்று.

மாலையில்தான் பார்த்தார்கள். பாதி வெட்டிய புல்லில் கிடந்தார். அவருடைய சின்ன லாரி வெப்பமானியை ஒட்டி, இன்ஜின் ஓடியபடியே நின்றது. அப்படி ஒரு வண்டி நின்றால் அன்றைய அளவு செல்லாது.

சுற்றுலாச் சங்கத் தலைவர் ஒகானோ என் மேசைக்கே வந்துவிட்டார்.

"லாரிய யாரு பார்த்தா? ஆம்புலன்ஸ்காரங்க. அவங்களுக்கு உங்க விதியெல்லாம் தெரியுமா? நீங்க எழுதலைன்னா அது அங்க நிக்கவே இல்ல, சார்."

லாரியை எழுதாவிட்டால், அது ஏன் வந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். நான் போன் போட்டதும் அதோடு மறைந்துவிடும். சொல்லவே கூசுகிறது, இரண்டு நாள் அந்தப் பேச்சு எனக்கு இனித்தது.

மூன்றாம் நாள் எழுதிவிட்டேன். லாரி நின்றது, அளவு செல்லாது, வண்டி வந்த காரணம் என் தொலைபேசி அழைப்பு. பிறகு கிரியாமாவின் வீட்டுக்குப் போனேன். அவர் படத்துக்கு ஊதுபத்தி வைத்துக் கும்பிட்டுவிட்டு, அவர் மனைவி ஷிசுயேவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அந்த அம்மா அழவில்லை.

"அந்த நம்பர எடுத்துட்டா, சும்மா வெயில்ல செத்த கிழவன்னுதானே பேசுவாங்க?"

ஊதுபத்திச் சாம்பலைத் துடைத்துவிட்டு அந்த அம்மாவே தொடர்ந்தார்.

"நிஜமா அன்னைக்கு எவ்வளவு இருந்துச்சு?"

"இனிமே யாராலயும் சொல்ல முடியாதும்மா."

"நீங்க எங்க இருந்து போன் பண்ணீங்க?"

"ஆபீஸ்ல இருந்து."

"அங்க எவ்வளவு?"

அரசு அலுவலகம். ஏசியை ஒரு அளவுக்குக் கீழே இறக்கக் கூடாது.

"இருபத்தெட்டு."

"அதுல சந்தேகம் ஒண்ணும் இல்லையே?"

"இல்லம்மா."

"அப்ப அதையும் எழுதிக்குங்க," என்று சொல்லிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக் கணவர் படத்தின் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.