பொருள் தெரியாத ஓர் எழுத்து

ஸ்டெல்லாவின் மரபணுப் பரிசோதனை முடிவு வந்தபோது அவள் இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வயது முப்பத்தொன்பது. மார்பகப் புற்றுநோய். அவளுடைய தாயும் அதே நோயில்தான் போயிருந்தாள். அதனால்தான் அந்த ரத்தம் பார்கவியின் ஆய்வகத்துக்கே வந்தது. முடிவைக் குடும்பத்திடம் சொல்வது ஆஸ்பத்திரி டாக்டரின் வேலை. ஆனால், “அவங்க தமிழ்க்காரங்க, நீங்களே சொன்னா நல்லாயிருக்கும்” என்று அவர் கேட்டுக்கொண்டார். பார்கவி சம்மதித்தாள்.

அது 2015. பார்கவி அமெரிக்காவில் ஐந்து வருடம் வேலை பார்த்துவிட்டு புனே வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. புற்றுநோயை உண்டாக்கும் புதிய மரபணு ஒன்றைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற வேகத்தில் இருந்தாள். கோயமுத்தூரில் அப்பா அம்மாவுக்குப் போன் செய்தால்கூட அதைப் பற்றித்தான் பேச்சு.

ஸ்டெல்லாவின் கணவர் சவரிமுத்து கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டர். வேலைச் சட்டையோடு வந்து உட்கார்ந்தார். பார்கவி காகிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

“பிஆர்சிஏ ரெண்டுன்னு ஒரு ஜீனுங்க. அதுல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு.”

“அதனாலதான் ஸ்டெல்லாவுக்கு வந்துதா, மேடம்?”

“தெரியலைங்க. இந்த மாற்றத்த இதுக்கு முன்னால யாரும் பார்த்ததில்ல. கெட்டதாவும் இருக்கலாம், ஒண்ணுமில்லாததாவும் இருக்கலாம்.”

“எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. பதினேழு வயசு. அவளுக்கு வருமா?”

“அதையும் இப்ப சொல்ல முடியாதுங்க.”

சவரிமுத்து அந்தக் காகிதத்தை அவள் பக்கமே தள்ளினார். பிறகு எழுந்தார். “என் சம்சாரம் கடைசி மாசத்துல நரம்பே கிடைக்காம அழுதா. அப்பவும் ரத்தம் எடுத்தீங்க. தெரியாதுன்னு சொல்றதுக்கா எடுத்தீங்க?” காகிதத்தை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்று பார்கவி மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி என்று தோன்றியது. ஆய்வகப் பதிவுகளைத் திறந்து பார்த்தாள். அப்படிப் பொருள் தெரியாத மாற்றம் என்று எழுதி அனுப்பப்பட்டவை நூற்றுப் பதினெட்டு இருந்தன. வெள்ளைக்காரர்களின் மரபணுக்களைத்தான் உலகம் அதிகம் படித்திருந்தது. இந்தியர்களிடம் இருக்கும் மாற்றங்கள் பல, அந்தப் பட்டியல்களில் இல்லவே இல்லை.

புதிய மரபணு தேடுவதை அவள் அந்த வருடக் கடைசியில் விட்டாள். அந்த நூற்றுப் பதினெட்டையும் ஒவ்வொன்றாகத் தீர்ப்பதுதான் இனி வேலை என்று முடிவு செய்தாள். அது அவளுடைய மேற்படிப்புக்கும் பெயருக்கும் பொருந்தாத வேலை என்று பலர் சொன்னார்கள். பக்கத்து அறை அனிருத் நேரடியாகவே சொன்னான்: “பார்கவி, இது குமாஸ்தா வேலை. இதுக்கு யாரு கிராண்ட் குடுப்பா?”

அவன் சொன்னபடியே ஆயிற்று. இரண்டு முறை விண்ணப்பம் ‘புதுமை இல்லை’ என்று திரும்பி வந்தது. பதவி உயர்வுப் பட்டியலில் அனிருத் பெயர் வந்தது, அவள் பெயர் வரவில்லை. மூன்றாவது விண்ணப்பத்துக்குச் சின்னத் தொகை கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளுக்கு எழுதினாள். உங்களிடம் இருக்கும் பொருள் தெரியாத மாற்றங்களை எனக்கு அனுப்புங்கள், என்னிடம் இருப்பதை அனுப்புகிறேன் என்று கேட்டாள். முதலில் நான்கு பேர் பதில் போட்டார்கள். பிறகு இருபது, அறுபது என்று கூடியது. ஒன்பது வருடத்தில் நாற்பத்தாறு மாற்றங்களுக்கு விடை தெரிந்தது. முக்கால்வாசி ஒன்றுமில்லாதவை. அந்தக் குடும்பங்களுக்குக் கடிதம் போகும் நாட்களில் அவள் சந்தோஷமாக வீட்டுக்குப் போவாள்.

விடை தெரியாத மீதியில் ஸ்டெல்லாவின் எழுத்தும் ஒன்று.

2024 பிப்ரவரியில் சென்னையிலிருந்து வைஜயந்தி என்ற டாக்டர் ஒரு கோப்பு அனுப்பினார். அதில் இரண்டு குடும்பங்கள். இரண்டிலும் அதே மரபணு, அதே இடம், அதே எழுத்து. இரண்டிலும் பெண்கள் நாற்பது வயதுக்குள் நோயில் விழுந்திருந்தார்கள். பார்கவி திரையைப் பார்த்தபடி எழுந்து நின்றுவிட்டாள்.

மூன்று குடும்பங்கள் என்பது சந்தேகத்துக்குப் போதும், நிரூபணத்துக்குப் போதாது. இந்த எழுத்து மாறினால் மரபணுவின் ஒரு துண்டு விட்டுப்போகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஆர்என்ஏ, அதாவது மரபணுவிலிருந்து செல் எடுக்கும் நகல், வேண்டும். ஃப்ரீஸரில் இருந்த ஸ்டெல்லாவின் பழைய டிஎன்ஏ அதற்கு உதவாது. அந்த மாற்றம் உள்ள, உயிரோடிருக்கும் ஒருவரின் புது ரத்தம் வேண்டும். சென்னைக் குடும்பங்களில் நோய் கண்ட இருவரும் இப்போது உயிரோடு இல்லை. மற்றவர்களை வைஜயந்தி தேடிக்கொண்டிருந்தார்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி, பார்கவி சவரிமுத்துவுக்குப் போன் செய்தாள். பெயரைச் சொன்னதும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

“இப்ப என்னா தெரிஞ்சுதா?”

“இன்னும் முழுசாத் தெரியலைங்க. உங்க வீட்டுல யாராவது ரத்தம் குடுத்தா…”

“போதும் மேடம். எம் பொண்ணுக்கு மே மாசம் நிச்சயதார்த்தம். இந்தப் பேச்ச இத்தோட வுட்ருங்க.” வைத்துவிட்டார்.

பார்கவி மறுபடி கூப்பிடவில்லை. அது முறையில்லை. இரண்டு நாள் கழித்து அவளுக்கே ஒரு அழைப்பு வந்தது.

“ஹலோ, நான் ஜெனிபர். அப்பாவோட போன்ல உங்க நம்பர் பார்த்தேன். அன்னைக்கு அவரு பஹுத் டென்ஷன் ஆயிட்டாரு. அம்மா பத்தின விஷயம்தானே?”

“ஆமாங்க. ஆனா அப்பா வேண்டாம்னு சொல்லிட்டாரு.”

“எனக்கு இருபத்தாறு வயசு மேம். இது என் பாடி. ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு வீட்டுக்கு வாங்க. சித்தியையும் வரச் சொல்றேன்.”

போபோடியில் இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று நிற்க வேண்டிய சந்தில் அவர்கள் வீடு. சவரிமுத்து கதவைத் திறந்தார். வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. உள்ளே ஜெனிபரின் பக்கத்தில் ஸ்டெல்லாவின் தங்கை ரெஜினா உட்கார்ந்திருந்தாள். போசரியில் ஒரு ஆட்டோ பாகங்கள் கம்பெனியில் தரப் பரிசோதனை செய்பவள். வயது நாற்பத்தாறு.

பார்கவி எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. விடை கெட்டதாகவும் வரலாம் என்பதை இரண்டு முறை சொன்னாள். வேண்டாம் என்றால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்றும் சொன்னாள்.

“தெரிஞ்சுகிட்டு என்னா செய்யப் போறோம்?” என்றார் சவரிமுத்து. “தெரியாம இருந்தா நிம்மதியா இருக்கலாம் இல்ல?”

“அரே மாமா, நீங்க நிம்மதியாவா இருந்தீங்க?” என்றாள் ரெஜினா. “ஜெனிபருக்குக் காய்ச்சல் வந்தாக்கூட ஆஸ்பத்திரி வாசல்ல போய் நிப்பீங்க. நான் தினம் ஆயிரம் பீஸ் செக் பண்றேன். டவுட் இருக்கற பீஸ தனியா எடுத்து வெச்சு அளந்து பார்த்துடுவேன். பார்க்காம பெட்டியில போட்டா ராத்திரி தூக்கம் வராது.” சட்டென்று கையை நீட்டினாள். “எடுத்துக்கோங்க டாக்டரம்மா.”

ஜெனிபரும் கை நீட்டினாள். சவரிமுத்து அந்தப் பக்கம் பார்க்காமல் ஜன்னலருகே நின்றார். பார்கவியோடு வந்திருந்த நர்ஸ் ரத்தம் எடுத்து முடித்ததும் உள்ளே போய் இரண்டு டம்ளர்களில் சாத்துக்குடி ஜூஸ் கொண்டு வந்து இருவருக்கும் கொடுத்தார்.

இருவரிடமும் அந்த எழுத்து மாறியிருந்தது. ஆர்என்ஏ சோதனையில் சரியான நீளமுள்ள நகலுக்கு ஒரு கோடும் அதைவிடக் குட்டையான நகலுக்கு இன்னொரு கோடும் தெரிந்தன. ஒரு துண்டு முழுதாக விட்டுப்போயிருந்தது. பார்கவி மூன்று முறை செய்து பார்த்தாள். வேறொரு ஆய்வகத்திலும் செய்யச் சொன்னாள். எல்லா இடத்திலும் அதே இரண்டு கோடுகள். ஒன்பது வருடம் தேடிய விடை கிடைத்துவிட்டது: அந்த மாற்றம் கெட்டதுதான். ஆனால் அதை இனி ஜெனிபரிடம் சொல்ல வேண்டும்.

சொன்னபோது ஜெனிபர் அழுதாள். சவரிமுத்து அவள் தோளில் கை வைத்துக்கொண்டு பார்கவியைப் பார்த்தார். “இப்ப என்னா பண்ணணும், அத சொல்லுங்க.”

செய்ய வேண்டியது இருந்தது. இருவரையும் எம்ஆர்ஐ எடுக்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஜெனிபருக்கு ஒன்றுமில்லை. ரெஜினாவுக்கு இடது மார்பில் ஏழு மில்லிமீட்டரில் ஒரு கட்டி இருந்தது. கையால் தொட்டால் தெரியாத அளவு. நிணநீர் முடிச்சு எதிலும் பரவியிருக்கவில்லை.

“இன்னும் ரெண்டு வருஷம் விட்டிருந்தா வேற கதை” என்றார் அறுவை சிகிச்சை டாக்டர். ரெஜினா அதை மராத்தியிலும் தமிழிலும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அறுவை சிகிச்சை நாளன்று சவரிமுத்து காலை ஆறு மணிக்கே வந்து சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மூன்று மாதத்தில் ரெஜினா வேலைக்குத் திரும்பினாள்.

ஜெனிபருக்குப் பேசி வைத்திருந்த ஜெபகுமாரிடம் விஷயத்தை அவளே சொன்னாள். அடுத்த சனிக்கிழமை அவன் ஆய்வகத்துக்கு வந்தான். போனில் மூன்று கேள்விகள் எழுதி வைத்திருந்தான். வருடா வருடம் என்னென்ன ஸ்கேன் எடுக்க வேண்டும், குழந்தைக்கு வர எவ்வளவு வாய்ப்பு, ஜெனிபர் பயப்படும்போது தான் என்ன சொல்ல வேண்டும். முதல் இரண்டுக்கும் பார்கவி பதில் சொன்னாள்.

“மூணாவதுக்கு என்கிட்ட பதில் இல்லைங்க. ஸ்கேனுக்குப் போறப்ப நீங்களும் கூடப் போங்க.”

“அது ஓகே மேம். ஆபீஸ்ல லீவ் போட்டுடறேன்” என்று எழுந்தான். நிச்சயதார்த்தம் மே மாதத்திலிருந்து ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனது, ரெஜினா இல்லாமல் நடத்தக் கூடாது என்று ஜெனிபர் சொன்னதால்.

அந்த நிச்சயதார்த்தத்தில் சவரிமுத்து பார்கவியைக் கையோடு அழைத்துப்போய் தன் நண்பர்களுக்கு நடுவே உட்காரவைத்தார். “இவங்க யாரு?” என்று ஒருவர் கேட்டதற்கு, “நம்ம டாக்டர்” என்றார். அவ்வளவுதான். பிரியாணி இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை பார்கவி சென்னைக்குப் போன் செய்தாள். முடிவுகளை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டாயிற்று, இனி அந்த மாற்றத்தை யாரும் பொருள் தெரியாதது என்று எழுத வேண்டியதில்லை என்று சொன்னாள்.

“என்கிட்ட இருக்கற முதல் குடும்பத்தக் கண்டுபிடிச்சிட்டேன்” என்றார் வைஜயந்தி. “இறந்துபோன அந்தம்மாவுக்குக் கூடப் பிறந்த தங்கச்சிங்க நாலு பேர். யாருக்கும் இன்னும் ஒண்ணும் வரல.”

“எப்ப வர்றாங்க?”

“நாளைக்கு. நாலு பேரும் ஒண்ணாத்தான் வருவாங்களாம்.”

பார்கவி நோட்டை எடுத்து அவர்களுடைய வயதுகளைக் கேட்டு எழுத ஆரம்பித்தாள்.